ஃபைலைத் தூக்கி வந்தவர்

"அங்க போய் நீ வாயைத் திறக்கக் கூடாது. கேக்கறதுக்கெல்லாம் நான் பதில் சொல்லிக்கறேன்."

தையல்காரியின் செத்துப்போன கணவனுடைய அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். நீல ஃபைல் அவர் அக்குளில் இறுகியிருந்தது.

"உள்ள என்ன படிவம் வெச்சிருக்கீங்க அத்தான்?"

"ஊருக்குத் திரும்பிப் போறதுக்கு. எல்லாம் உன் நல்லதுக்குத்தான். புருஷன் இல்லாதவ கண்காணாத தேசத்துல தனியா வீடு எடுத்து இருந்தா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

எந்த நாலு பேர்? எதிர்வீட்டில் குடியிருப்பது யார் என்றே இந்த அடுக்குமாடியில் ஒருவருக்கும் தெரியாது. அந்த நாலு பேரையும் மனுஷன் ஊரிலிருந்து பெட்டியில் போட்டுத்தான் கொண்டுவந்திருக்க வேண்டும்.

"பாப்பாவுக்கு அடுத்த வாரம் பரீட்சை..."

"அங்க பள்ளிக்கூடமே இல்லையா என்ன?"

கல்யாணமாகி இங்கே வந்து இறங்கிய அன்றே அவளுடைய பாஸ்போர்ட் கணவனின் மேசை இழுப்பறைக்குப் போயிற்று. காகிதம் எல்லாம் ஆம்பளை கையில் இருந்தால்தான் பத்திரம் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். எட்டு மாதத்துக்கு முன் கணவன் மாரடைப்பில் போனான். மறுவாரமே பாஸ்போர்ட் அண்ணனின் பீரோவுக்குக் குடிபெயர்ந்தது. அவள் வாழ்க்கையும் கூடவே போயிற்று என்று சொன்னாலும் தப்பில்லை.

வேலை இருப்பதாகக் காட்டினால் அவள் பெயரிலேயே இங்கே தங்க அனுமதி கிடைக்கும். தையல் கடை முதலாளியம்மா அதற்குக் கடிதமும் கொடுத்திருந்தாள். ஆனால் குடியேற்ற அலுவலகத்துக்கு முதல் தடவை போனபோது புகைப்படத்தில் காது தெரியவில்லை என்றார்கள். அடுத்த தடவை, இறப்புச் சான்றிதழில் முத்திரை மங்கல் என்றார்கள். "இதுக்கு மேல என்னால அலைய முடியாது" என்று அத்தான் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டார். அவள் இன்னொன்று வாங்கி வைத்திருந்தது அவருக்குத் தெரியாது. மடங்கிய தாளை வாங்க மாட்டார்கள் என்பதால் மகளின் ஓவிய நோட்டுக்குள் வைத்துப் பையில் போட்டிருந்தாள். விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள்.

அலுவலகத்தில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்த பிறகு டோக்கன் எண் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மாள் படிவத்தைப் புரட்டினாள்.

"திரும்பிப் போக விரும்புவது யார்?"

"இவள்தான். இவளுக்கு உங்கள் பாஷை தெரியாது. நான் சொல்கிறேன்" என்றார் அத்தான்.

"நீங்கள் உறவினரா? உறவினர் மொழிபெயர்க்கக் கூடாது, அது விதி. அரசாங்க மொழிபெயர்ப்பாளரோடு வேறு நாள் வாருங்கள்."

"பாத்தியா? மறுபடியும் இழுத்தடிக்கறாங்க. எந்திரி, போலாம்" என்று அவர் தமிழில் சீறினார்.

எழுந்துபோனால் தீர்ந்தது. நாள் முழுக்கத் தையல் கடைக்கு வருகிறவர்கள் அந்தப் பாஷையில்தான் இடுப்பைப் பிடி, கையைக் குறை என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவளும் நாளைக்குக் கிடைக்கும், வியாழன் வாருங்கள் என்று பதில் சொல்கிறாள். வீட்டில்தான் அவள் அதைப் பேசி யாரும் கேட்டதில்லை.

"நான் பேசுகிறேன்" என்றாள் அந்தப் பாஷையிலேயே. இலக்கணம் நொண்டியது, குரல் நொண்டவில்லை. "நான் போகவில்லை. இங்கே வேலை செய்கிறேன். கடிதம் இருக்கிறது." ஓவிய நோட்டைத் திறந்து கடிதத்தைக் கண்ணாடிக்குக் கீழே தள்ளினாள்.

கவுண்டர் அம்மாள் அதைப் படித்தாள். பிறகு அத்தானைப் பார்த்தாள். "அப்படியானால் இவர் யார்?"

"என் ஃபைலைத் தூக்கி வந்தவர்."

"ஃபைலை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் பின்னால் போகட்டும்."

அத்தானின் முகம் செத்துவிட்டது. ஃபைலை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"குடுங்க அத்தான். பின்னாடி ஆளுங்க காத்திருக்காங்க." அவள் கையை நீட்டியபடியே நின்றாள். அவர் கொடுத்துவிட்டார்.

பின்வரிசை நாற்காலியில் அவர் உட்கார்ந்ததும் காவலாளி வந்து நின்றான்.

"உங்கள் டோக்கன்?"

"எனக்கில்லை. அதோ, அந்தப் பெண்ணோடு வந்தவன்."

"துணைக்கு வந்தவரா? விண்ணப்பிக்கிற அந்த அம்மாள் சரி என்று சொன்னால் உட்காரலாம். இல்லையென்றால் வெளியே நிற்க வேண்டும். கேட்டுவிட்டு வரட்டுமா?"

அவர் கவுண்டரைப் பார்த்தார். அவள் ஃபைலில் இருந்த பாஸ்போர்ட்டைத் தன் கைப்பைக்குள் வைத்துவிட்டு, இங்கே தங்குவதற்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.