பதினேழாவது பிளேடு

சாயச் சோதனை அறைக்கு அவள் சண்டை போடத்தான் போனாள். போன வாரம் அவளிடம் இரவல் வாங்கிய கருவியை அவர்கள் இன்னும் திருப்பித் தரவில்லை. ஒரு கையில் சாப்பாட்டு டப்பா. அக்காவின் புருஷன் மறந்து வைத்துவிட்டுப் போனது. அக்கா அதை அவள் தலையில் கட்டியிருந்தாள். மாமா அதே தொழிற்சாலையில், மூன்றாம் சோதனைக் கூடத்தில் ஃபிட்டர். பத்தரைக்கு அங்கே எஞ்சின் சோதனை ஓட்டம். அதற்குள் டப்பாவைச் சேர்க்காவிட்டால், "எங்க வீட்டு மேடம் என்னைப் பட்டினி போட்டுட்டாங்க" என்று கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் சொல்வார். குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். அதனால் மாமாவுக்கு அவள் மேடம். பாதி கேலி, பாதி பெருமை.

அறைக்குள் சிவப்பண்ணன் தனியாக இருந்தார். உலோகத்தில் விரிசல் தேடும் சிவப்புச் சாயத்தில் இருபது வருஷம் கை நனைத்ததில், நகங்களில் அந்த நிறம் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. அவர் முன்னால் ஒரு டர்பைன் சக்கரம். ராக்கெட் எஞ்சினுக்கு எரிபொருள் தள்ளும் பம்பைச் சுழற்றுகிற சக்கரம் அது. சாப்பாட்டுத் தட்டு அகலம்; ஒரு பக்கம் தட்டை முகம், மறுபக்கம் நடுவில் நீட்டிய தண்டு; விளிம்பு நெடுக, சுண்டுவிரல் நுனி அளவில் அறுபத்தோரு பிளேடுகள். முதல் பிளேடுக்கு மட்டும் ஒரு கோடு வெட்டியிருக்கும். அதிலிருந்து அவர் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார்.

வாயைத் திறக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

"அண்ணா, சக்கரத்தக் கவுத்து வச்சிருக்கீங்க."

"கவுக்காம? தண்டு மேல நிக்கணும்மா. கீழ இருந்தா சாயமெல்லாம் அதுல எறங்கிடும்."

"எப்பவும் இப்படித்தானா? எண்ணுறது எந்தப் பக்கமா?"

"வலமா. எல்லாரும் வலமாத்தானே எண்ணுவாங்க? இன்னைக்கு என்ன, வாத்தியார் வேலைக்கு வந்துட்டியா?"

அவளும் வலமாகத்தான் எண்ணுவாள். ஆனால் அவள் வேலை செய்யும் அதிர்வு அறையில் தண்டைக் கீழே, பிடிப்பானுக்குள் விட்டு இறுக்குவார்கள். அங்கே சக்கரத்தின் தட்டை முகம் மேலே இருக்கும். இங்கே அது கீழே.

பழைய எண் ஒன்று சட்டென்று அவள் நினைவுக்கு வந்தது.

மூன்று வாரம் முன்பு ஒரு சக்கரம். பென்சில் அளவு சுத்தியலால் ஒவ்வொரு பிளேடாகத் தட்டி, உளுந்து அளவு உணரியை மெழுகால் ஒட்டி, விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்று குறிப்பது அவள் வேலை. அறுபது பிளேடுகள் ஒன்பதாயிரத்து எண்ணூறு என்றன. பதினேழாவது மட்டும் ஒன்பதாயிரத்து நூறு. உள்ளே எங்கோ விரிசல் விட்ட பிளேடுதான் அப்படித் தளர்ந்து பேசும். மூன்று தடவை தட்டினாள். மூன்று தடவையும் அதே எண்.

"மெழுகு கூடப் போட்டிருப்பே. அந்த எடைல எண் எறங்கும்," என்றார் மேலாளர்.

"மூணு தடவையுமா சார்?"

"கை ஒண்ணுதானே?"

சுள்ளென்று வந்தது. அடக்கிக்கொண்டு, பதினேழில் நீல மையால் புள்ளி வைத்துச் சாயச் சோதனைக்கு அனுப்பினாள். சாயம் போடும் முன் கழுவுவார்கள். கழுவினால் மை போய்விடும். அது அவளுக்குத் தெரியாததல்ல. தாளில்தான் எண் இருக்கிறதே என்று விட்டுவிட்டாள். அங்கிருந்து பதில் வந்தது: பதினேழில் விரிசல் இல்லை. மேலாளர் பேனாவை நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

கவிழ்த்து வைத்து வலமாக எண்ணினால் வரிசை திரும்பிவிடும்: இவர்களுடைய பதினேழு, அவளுடைய நாற்பத்தாறு. கேட்ட பிளேடுக்கு மட்டும்தான் சாயம் போடுவார்கள்; நல்ல பிளேடைத் துருவிப் பார்த்து நல்ல பிளேடு என்று எழுதியிருக்கிறார்கள். கெட்டதை யாருமே பார்க்கவில்லை.

அந்தச் சக்கரம் இப்போது மூன்றாம் கூடத்து எஞ்சினில் இருந்தது. தீ இல்லாமல், வெறும் வாயுவை விட்டு அதைச் சுழற்றிப் பார்க்கும் ஓட்டம்தான் பத்தரைக்கு. நிமிடத்துக்குப் பதினோராயிரத்து அறுநூறு சுற்று. அந்த வேகத்தில், சுற்றியுள்ள நாற்பத்தேழு துளைகளிலிருந்து பாயும் வாயு ஒவ்வொரு பிளேடையும் விநாடிக்கு ஏறக்குறைய ஒன்பதாயிரத்து நூறு முறை உதைக்கும். நல்ல பிளேடுகளுக்கு அது வேறு தாளம், ஒன்றும் ஆகாது. பதினேழுக்கு அது சொந்தத் தாளம். ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளுகிற மாதிரி, தள்ளத் தள்ள ஏறும். பிய்த்துக்கொண்டு வரும்.

எஞ்சினிலிருந்து ஒரு முழத்தில், அதன் மெல்லிய உறையில் கேட்புக் கம்பியை ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு ஃபிட்டர் நிற்பார். மாமா.

மணி பத்து இருபத்திரண்டு. மேலாளருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"எழுதிக் கொடு. மத்தியானம் பாக்கலாம்."

"மத்தியானம் எங்க மாமா இருக்க மாட்டாரு சார்!"

"குடும்ப விஷயத்த வேலையில கலக்காதே," என்று வைத்துவிட்டார்.

கூடத்தின் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டாள். மணி அடிக்கும்போதே வெளியே சங்கு ஊதியது. சங்குக்கு அப்புறம் கவனம் சிதறக் கூடாதென்று எந்தக் கூடத்திலும் போனை எடுக்க மாட்டார்கள். அடித்து அடித்து ஓய்ந்தது.

ஓடினாள். டப்பாவைக் கீழே வைக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. உள்ளே குழம்பு அலம்பி விளிம்பில் கசிந்தது. விரிசல் இல்லாவிட்டால்? மெழுகுதான் கூடியிருந்தால்? வேலை போகும். படித்த திமிர் என்பார்கள். அந்தப் பயமும் கூடவே ஓடிவந்தது. ஆனால் பின்னால்தான் வந்தது.

கூடத்துக்குள் தரையில் மஞ்சள் கோடு. சங்கு ஊதியபின் பட்டியலில் இல்லாத ஆள் அதைத் தாண்டினால், கேள்வியே இல்லாமல் வாயுவை மூட வேண்டும். தாண்டினவருக்கு அன்றோடு சீட்டுக் கிழியும்.

"நில்லும்மா. உன் பேர் இல்ல," என்று கை மறித்தார் காவலாளி.

ஓசை ஏறிக்கொண்டிருந்தது. விநாடிக்கு ஆறாயிரம் உதை. ஏழாயிரம். அவள் காதுக்கு அது எண்ணாகவே கேட்டது. அந்தப் பக்கம் மாமா தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, கம்பியில் காது வைத்து நின்றிருந்தார். தூங்குகிற குழந்தையின் மூச்சைக் கேட்கிறவர் மாதிரி. எட்டாயிரம்.

காவலாளியின் கைக்கு அடியில் குனிந்து கோட்டைத் தாண்டினாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. வாயு அடைபட்டது. ஓசை இறங்கி அடங்கியது.

மாமா கண்ணைத் திறந்தார். டப்பாவைப் பார்த்தார்.

"என்ன மேடம், சோறு ஆறிடும்னு ராக்கெட்டையே நிறுத்திட்டீங்க?"

நான்கு பேர் சிரித்தார்கள். அவள் மாமாவின் சட்டையைப் பிடித்து எஞ்சினிலிருந்து இழுத்தாள். அப்போதுதான் மாமாவின் சிரிப்பு நின்றது.

மத்தியானம் சக்கரத்தைக் கழற்றிச் சாய அறைக்குக் கொண்டுவந்தார்கள். இந்தத் தடவை மையை நம்பவில்லை. தட்டை முகத்தை மேலே வைத்து எண்ணி, பதினேழில் மெல்லிய கம்பி கட்டினாள். கழுவி, சாயம் பூசி, துடைத்து, சிவப்பண்ணன் வெள்ளைப் பொடியை அடித்தார். பத்து நிமிடம் பொறுக்க வேண்டும்.

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒண்ணும் வரலேன்னா..."

"வரலேன்னா நீங்க அனுப்ப வேண்டாம் சார். நானே எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

நான்காவது நிமிடத்தில் வெள்ளையில் சிவப்பு ஊறியது. பதினேழின் அடியில், தலைமுடி கனத்தில், பாதி அகலத்துக்கு ஒரு கோடு.

மாமா கை தானாகப் போய் அவர் காதைத் தொட்டுப் பார்த்தது.

"தட்ட முகம் மேலேன்னு நீ தாள்ல எழுதலயே," என்றார் மேலாளர்.

எல்லார் மேலும் எரிந்து விழத் தயாராக வந்திருந்தவள் அவள். "எழுதல," என்றாள். "ஒரு தடவகூட எழுதல."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவளுக்கே உறைத்தது. ஓடிப்போய்த் தன் பதிவேட்டை எடுத்துவந்து புரட்டினாள். ஒரு பிளேடு தளர்ந்து பேசி, சாயத்தில் விரிசல் இல்லை என்று வந்து, அவள் கையெழுத்திட்ட சக்கரம் இன்னும் ஒன்று இருந்தது. போன மாசம். நாற்பதாவது பிளேடு.

"அது எங்க இருக்கு?"

சிவப்பண்ணன் தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலாளர்தான் சொன்னார். அது பொருத்திய எஞ்சின் வெளியூர்ச் சோதனைத் தளத்துக்குப் போய் எட்டு நாளாகிறது.

"அங்க கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போடுங்க சார்."

அவர் எண்ணை இரண்டு தடவை தப்பாக அழுத்தினார். மூன்றாவது தடவை ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் வைத்தார். மறுமுனையில் மணி அடித்தது.

அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.