நானூற்று ஒன்பதாவது பெயர்

ஜெபராணியின் அலுவலகத்தில், புரோகிராமுக்குள் யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று காட்டும் அழைப்பு மரம் தலைகீழாக வளர்ந்திருந்தது. வேர் ஐந்தாம் மாடியில், பிரிண்டருக்குப் பின்னால். கிளைகள் கீழ்நோக்கி. பார்க்க வேண்டுமானால் படியிறங்கிப் போக வேண்டும். எல்லா அலுவலகங்களிலும் அப்படித்தான் இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள்.

பதினாறு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. ஜாவாவில் எழுதிய புரோகிராம் மெதுவாக ஓடினால், நேரம் எந்த இடத்தில் போகிறது என்று கண்டுபிடிப்பது. அன்று காலை பத்தரை மணிக்கு ஆம்புலன்ஸ் புரோகிராம் படுத்துவிட்டது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று டிரைவர் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடும் புரோகிராம் அது. அன்று சொல்லவில்லை.

மேனேஜர் கோதண்டபாணி ஒரு ஹெட்செட்டோடு வந்து நின்றார்.

"லைன்ல டிரைவர் இருக்கார். மரத்துல இறங்கிப் பாருங்க ஜெபராணி."

"எவ்வளவு நேரமா நிக்கிறார்?"

"கேக்க பயமா இருக்கு."

அவள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள்.

"மேடம், நான் பன்னீரு. கத்திப்பாரா பக்கத்துல நிக்கிறேன். வண்டியில பிரசவ கேஸ். எங்க போவட்டும்?"

"இருங்கண்ணே. இறங்கிட்டிருக்கேன்."

ஒரு விதி உண்டு. எந்த அறையிலும் தேவைக்கு மேல் நிற்கக் கூடாது. அவள் நிற்கும் நேரமும் புரோகிராமின் நேரத்தோடு சேர்ந்துவிடும்.

ஒவ்வொரு கதவிலும் ஒரு பலகை. அதில் இரண்டு எண்கள். மேலே மொத்த நேரம், கீழே சொந்த நேரம். தான் வேலை செய்வது சொந்த நேரம். அதோடு, தான் கூப்பிட்டவர்களுக்காகக் காத்திருப்பதையும் சேர்த்தால் மொத்த நேரம். முதல் கதவில் மொத்தம் நூறு சதவீதம், சொந்தம் பூஜ்யம். உள்ளே ஒருவர் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் அப்பவே கூப்பிட்டுட்டேன்," என்றார்.

"யாரை?"

"கீழ."

கீழே மூன்று கதவுகள். ஒன்று, இரண்டு, தொண்ணூற்றேழு. அவள் தொண்ணூற்றேழைத் திறந்தாள். அதற்குள் இன்னும் படிகள். இருபது இருக்க வேண்டும். முப்பத்தொன்று இருந்தன. எண்ணியதால் கூடியிருக்கலாம். அவள் எண்ணுவதை நிறுத்தினாள்.

"கொழந்த பொறந்துடுச்சு மேடம். பொண்ணு. அம்மாவுக்குத்தான் ரத்தம் நிக்கல."

படி முடிந்த இடத்தில் ஓர் அறை. மும்தாஜ் என்ற பெண் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள்.

"நானூத்திப் பன்னெண்டு ஆஸ்பத்திரி," என்றாள் தலை நிமிராமல். "ஒவ்வொண்ணுக்கும் ஒரு தடவை கீழ கூப்பிட்டு, திறந்திருக்கான்னு கேக்கணும்."

"மொத்தமா ஒரே தடவை கேட்டா என்ன?"

"எனக்கு அப்படி எழுதல."

பலகையில் மும்தாஜின் சொந்த நேரம் ஒன்றிலிருந்து இரண்டானது. அது தன்னால்தான் என்று ஜெபராணிக்குத் தெரிந்தது. இறங்கி ஓடினாள்.

"கொழந்த உக்காந்துடுச்சு மேடம். ரெண்டு பல்லு வந்திருக்கு."

"அம்மா?"

"அப்படியேதான் இருக்காங்க."

அதற்குக் கீழே படி இல்லை. கடைசிக் கதவில் மொத்தம் தொண்ணூற்றைந்து, சொந்தமும் தொண்ணூற்றைந்து. இவர் யாரையும் கூப்பிடுவதில்லை. நேரமெல்லாம் இங்கேதான் போகிறது. பதினாறு வருடமாக இப்படி ஒரு பலகையைக் கண்டால் அவளுக்குச் சந்தோஷம் வரும். இன்று அதை இரண்டாம் தடவை பார்க்காமல் கதவைத் தள்ளினாள்.

உள்ளே முழுக்கைச் சட்டை போட்ட ஒருவர், சிதம்பரதாணு, ஸ்டூலில் உட்கார்ந்து தொடை மேல் தாளை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். நானூற்றுப் பன்னிரண்டு ஆஸ்பத்திரிகளின் பெயர்களையும் எழுதினார். கேட்ட ஒன்றுக்கு மட்டும் போனில் ஒரே ஒரு தடவை "இருக்கு" என்றார். தாளைக் கிழித்துக் கூடையில் போட்டார். மணி அடித்தது. புதுத் தாள் எடுத்தார்.

"அண்ணாச்சி, எழுதினதை ஏன் கிழிக்கீங்க?"

"எழுதி முடிச்சாக் கிழிக்கணும்."

"வச்சுக்கிடலாமே."

"அப்படி ஒருத்தரும் சொல்லலியே."

அவர் எழுதி முடித்ததும், கிழிப்பதற்குள் அவள் தாளைப் பறித்துக்கொண்டாள். மணி அடித்தது. அவளே எடுத்து, தாளைப் பார்த்து, "இருக்கு" என்றாள். மறுபடி மணி. மறுபடி "இருக்கு". நானூற்றுப் பன்னிரண்டு தடவையும் சொல்லி முடிக்க ஒரு நொடிகூட ஆகவில்லை.

"வந்துடுச்சு மேடம். நானூத்தி ஒம்போதாவது ஆஸ்பத்திரி. கெளம்பிட்டேன். நாலு நிமிஷம்."

சைரன் கேட்டது. அவள் சுவரில் சாய்ந்தாள். சிதம்பரதாணு சும்மா இருந்த தன் கையைப் பார்த்தார். பிறகு அவள் தோளுக்கு மேலாகத் தாளைப் பார்த்தார்.

"இதுல ஒண்ணு இப்போ மூடியாச்சு."

"எது?"

"பார்த்தாத் தெரியாது. எழுதணும். மூடின பேர் வந்தா பேனா நின்னுரும்."

"இதை எழுதும்போது நிக்கலியே."

"அப்போ திறந்திருந்துது."

"நானூத்தி ஒம்பதை மட்டும் எழுதிப் பாருங்க."

"மொதல்ல இருந்துதான் வரும்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நீங்க நிக்காம இருந்தா அஞ்சு நிமிசம்."

அவள் தாளைத் திருப்பி அவர் தொடை மேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள். படியில் உட்கார்ந்தாள். பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"பன்னீர் அண்ணே, கொஞ்சம் மெதுவாப் போங்க."

"ஆம்புலன்ஸ் மேடம் இது."

"தெரியும்ணே. மெதுவாப் போங்க."

ஹெட்செட்டில் ஒரு சிறுமியின் குரல். "ஆன்ட்டி, அம்மா கை சில்லுன்னு இருக்கு."

"கையைத் தேச்சு விடும்மா. விடாமத் தேய்."

பேனா நின்றது. ஜெபராணி கதவுப் பக்கம் திரும்பினாள்.

"நூத்தி முப்பது. மூடியாச்சு," என்றது உள்ளிருந்து குரல்.

"அவ்வளவுதானே?"

"அப்போ ஒண்ணு. இப்போ எத்தனைன்னு எழுதினாத்தான் தெரியும்."

பேனா மறுபடி ஓடியது. இருநூற்று நாற்பதில் ஒரு தடவை நின்றது. முந்நூற்று எண்பத்தெட்டில் நின்றது. கோதண்டபாணி லைனில் வந்து, பலகை மறுபடி தொண்ணூற்றைந்துக்கு ஏறிவிட்டது, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"கேட் தெரியுது மேடம். உள்ள போவட்டா?"

"இருங்க."

"நானூத்தி ஏழு," என்றார் சிதம்பரதாணு. முதல் முறையாக எழுதும்போதே சொன்னார். "நானூத்தி எட்டு. நானூத்தி ஒம்பது."

பேனா நிற்கவில்லை.

"போங்கண்ணே. உள்ள போங்க."

கதவு திறக்கும் சத்தமும் ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தமும் கேட்டன. கூடவே சின்னச் செருப்புகள் ஓடின.

சிதம்பரதாணு கடைசிப் பெயர் வரை எழுதினார். தாளைக் கிழித்தார். ஜெபராணி தடுக்கவில்லை. புதுத் தாள் ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள்.