இறங்காத வாத்துகள்

அந்த டிசம்பரில் ஐரோப்பாவிலிருந்து வந்த நீலச்சிறகி வாத்துகள் கயேல் ஏரியில் இறங்கவில்லை. நீருக்கு மேல் ஐம்பதடி உயரத்தில், சிறகை விரித்தபடி அசையாமல் நின்றுவிட்டன. சரணாலயக் காவலர் மஸ்ஸேர் எண்ணிப் பார்த்ததில் பதினோராயிரம் இருந்தன. பாலைக்காற்று அடித்தபோதும் ஒன்றுகூட நகரவில்லை. செனகல் ஆற்றோரத்தில் இருந்த அந்த ஏரிக்கரை ஊரில் அவற்றின் நிழலால் வெயில் விழாமல், காயப்போட்ட மீன் ஈரத்திலேயே நாறியது. காட்டுப்பன்றிகள் கரைவரை வந்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்பின. தண்ணீரில் ஏதோ இருக்கிறதென்று மஸ்ஸேர் படகுகளை நிறுத்திவைத்தார். மூன்றாம் நாள் மீனவர்கள் அவர் வீட்டைச் சூழ்ந்துகொண்டு, “வாத்து இறங்கலைன்னா நாங்க பட்டினி கிடக்கணுமா?” என்று கேட்டார்கள்.

பதில் கும்பாவிடம் இருந்தது. அவள் கணவன் யெரிம், மீன் தானாக மிதந்து வரட்டும் என்று, நெல்வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்தை இரண்டு டின் நிறைய, ஏரியில் வந்து சேரும் வடக்கு ஓடையில் கொட்டியிருந்தான். சொன்னால் அவனுக்கு ஜெயில். ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

ஆறாம் நாள் காலை, கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறதென்று யெரிமின் இளைய மனைவி தாதோ பக்கெட்டோடு ஏரிக்குக் கிளம்பினாள். சக்களத்திகள் இருவரும் பேசி ஒரு வருடமாகியிருந்தது. தேநீர் காய்ச்சிக்கொண்டிருந்த யெரிம், “இன்னிக்குக் கிணத்துத் தண்ணியே போதுமே” என்று முனகினான். அவள் நிற்கவில்லை.

“போகாத” என்றாள் கும்பா.

“அட, வாய் திறந்துட்டீங்களாக்கா? ஏரியும் மூத்தவங்களுக்குத்தானா?”

கும்பா பக்கெட்டைப் பிடுங்கி எறிந்தாள். “அதுல விஷம் கிடக்கு. இவர்தான் கொட்டினார்.”

தாதோ யெரிமைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த கிளாஸை வைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் மஸ்ஸேர் வீட்டுக்கு நடந்தான்.

ஊரே திரண்டு ஓடை வாயை மண்ணால் அடைத்து, விஷநீரை உப்புப் பொட்டலில் பாய்ச்சிக் காயவிட்டது. ஒன்பது நாள் ஆனது. பத்தாம் நாள் மதியம் ஓரத்திலிருந்த ஒரு வாத்து இறங்கி நீர் குடித்தது. மற்றவை இறங்கி முடிய மாலையாகிவிட்டது. யெரிம் ஆறு மாதம் சிறையிலிருந்தான். மனைவிகள் இருவரும் ஒரே வண்டியில் அவனைப் பார்க்கப் போனார்கள், வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு.

அடுத்த டிசம்பரில் வாத்துகள் வந்து மேலேயே நின்றன. மீனவர்கள் வலையை மடியில் வைத்துக்கொண்டு படகுகளில் உட்கார்ந்திருந்தார்கள். மீன் வாங்க வந்த வெளியூர்க்காரன், ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று கேட்டான்.

“தண்ணி பாக்குதுங்க” என்றான் யெரிம்.

கால் மணி நேரத்தில் அவை இறங்கின. படகுகள் கிளம்பின.