மாப்பிள்ளைக்கு எந்தக் கை

எங்கள் குடும்பத்தில் நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றுவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்டவேண்டும். கட்டுவது பெண்ணின் தாய்மாமன் வேலை. என் தங்கை சிவசங்கரிதான், “அண்ணன் கட்டட்டும்” என்று ஒரே பிடிவாதம் பிடித்தாள். ராமலிங்கம் மாமாவுக்கு அதில் மனத்தாங்கல். முன்வரிசையில் நாற்காலி போட்டுக்கொண்டு, இவன் எங்கே சொதப்புவான் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உப்பளம் பகுதியில் ஒரு சின்ன மண்டபம். பத்தரைக்கு நல்ல நேரம் முடிகிறது. அப்போது மணி பத்து இருபது. ஸ்பீக்கரில் நாதஸ்வரம் காதைக் கிழித்தது. மாப்பிள்ளை தமிழ்மாறன் முழுக்கைச் சட்டையில் வேர்த்து வழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். காலாப்பட்டில் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை, அமைதியான ஆள். நான் வாட்சைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் வலது கையை நீட்டினார்.

“அது இல்ல மாப்ள, இடது கை.”

அவர் இடது கையை நீட்டவில்லை. கூச்சப்படுகிறார் என்று நினைத்து, நானே அவருடைய இடது கையைப் பிடித்து இழுத்து, சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றி அதை மேலே தள்ளினேன். என் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

தோலுக்கு அடியில் உறுமல். மடியில் படுத்திருக்கும் பூனையைத் தொட்டால் இருக்குமே, அது மாதிரி. பக்கத்தில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு புதுத் தழும்பு.

பதினோரு வருஷமாக நான் டயாலிசிஸ் டெக்னீஷியன். காலையில் டியூட்டிக்குப் போனதும் முதல் வேலை இந்த உறுமலைத் தொட்டுப் பார்ப்பதுதான். சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு, ரத்தத்தைச் சுத்தம் பண்ண ஊசி ஏற்றுவதற்காக, முன்கையில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்து வைப்பார்கள். ஃபிஸ்டுலா. அந்தக் கையில் பிரஷர் பார்க்கக்கூடாது, வளையல் போடக்கூடாது, வாட்ச் கட்டவே கூடாது. அழுத்தினால் அடைத்துக்கொள்ளும். தெரியாமல் வாட்ச் கட்டிக்கொண்டு வந்தவர்களை வாய்க்கு வந்தபடி திட்டியவன் நான். இப்போது என் ஒரு கையில் அந்தக் கை, இன்னொரு கையில் ஸ்டீல் வார் போட்ட வாட்ச்.

ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. மேடையிலேயே சட்டையைப் பிடித்துவிடலாமா என்று இருந்தது.

“எத்தினி நாளா?” என்றேன், குனிந்தபடியே.

“ஆபரேஷன் பண்ணி மூணு மாசம் ஆவுது மச்சான். டயாலிசிஸ் இன்னும் ஆரம்பிக்கல. வர்ற தைக்குள்ள தேவப்படும்னு சொல்லிட்டாங்க.” அவர் உதடு மட்டும்தான் அசைந்தது. “சங்கரிகிட்ட ரெண்டாவது தடவ பேசுறப்பவே சொல்லிட்டேன்.”

தலையைத் தூக்கிப் பார்த்தேன். சங்கரி பட்டுப்புடவையில் இரண்டடி தள்ளி நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன ஞாயிற்றுக்கிழமை, “நேர்ல போயி கை அளவு எடுத்துட்டு வாண்ணா” என்று நாலு தடவை என்னை விரட்டினாள். நான் சோம்பேறித்தனமாக போனில் அளவு கேட்டு வாங்கிக் கடையில் கொடுத்துவிட்டேன்.

“என்ன ராஜவேலு, வாட்ச் கட்ட மறந்துட்டியா? மணி ஆவுது,” என்றார் மாமா. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

சங்கரி கிட்டே வந்தாள். பெட்டியை வாங்குவது போலக் குனிந்தாள்.

“வாயால சொல்ல வரலண்ணா. ஒன் கைக்கு எப்பிடியும் தெரிஞ்சிடும்னுதான் ஒன்ன அளவெடுக்கப் போகச் சொன்னேன்.”

“சபையில வச்சா எனக்குத் தெரியணும்?”

“நீ அன்னைக்குப் போயிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனாலும் குரலை அடக்கிக்கொண்டேன். “இது என்னன்னு தெரியுமா ஒனக்கு? வாரத்துக்கு மூணு நாளு. ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். தண்ணியக்கூட அளந்துதான் குடிக்கணும். வெளிய பெஞ்சில டிபன் பாக்ஸோட பொம்பளைங்க ஒக்காந்திருக்கிறத நான் தெனம் பாக்குறேன்டி. அங்க ஒன்ன ஒக்கார வைக்கச் சொல்றியா?”

அவள் குரலும் உயரவில்லை. “புதுசா வர்றவங்ககிட்ட நீ என்ன சொல்லுவ? ராத்திரி சோறு திங்கிறப்ப எங்ககிட்ட சொல்லுவியே. ‘பயப்படாதீங்க, வேலைக்குப் போலாம், கல்யாணங்கூடப் பண்ணிக்கலாம்’னு. அதெல்லாம் அடுத்த வீட்டுப் பொண்ணுங்களுக்கு மட்டுந்தானா?”

பதினோரு வருஷமாக நூற்றுக்கணக்கான பேரிடம் சொன்ன வார்த்தை. பொய் சொன்னேனா நான்? இல்லை. ஆனால் சொல்லும்போது ஒரு நாளும் என் தங்கையை நினைத்துச் சொல்லவில்லை.

மணி பத்து இருபத்தைந்து. அப்பா இல்லாத வீடு. நான் இந்த வாட்சைக் கீழே வைத்தால் கல்யாணம் அத்தோடு நின்றுவிடும், அது மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும். தமிழ்மாறன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. “நீங்க என்ன முடிவு எடுத்தாலும் சரி மச்சான்,” என்றார். அவர் விரல்நுனி சில்லிட்டிருந்தது. உறுமல் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. நல்ல ஃபிஸ்டுலா. தைத்தவர் கைராசிக்காரர்.

சட்டைக் கையை மெதுவாக இறக்கிப் பொத்தானைப் போட்டுவிட்டேன். அவருடைய வலது கையை எடுத்து, வாட்சை மாட்டி, கொக்கியை அழுத்தினேன்.

“டேய், வாட்ச எந்தக் கையில கட்டுற?” மாமா எழுந்தே விட்டார்.

“நல்ல காரியம் மாமா. வலது கைதான்.”

அவருக்குக் கோபம்தான், ஆனால் மறுத்துப் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

“தட்டு மாத்துறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட சொல்லிடு,” என்றேன் சங்கரியிடம். “இத நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்.”

மேடையின் ஓரத்தில் தாம்பூலத் தட்டை மடியில் வைத்து அம்மா காத்திருந்தாள். சங்கரி அவள் காதருகே குனிந்தாள். நாதஸ்வரத்தில் எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அம்மாவின் முகம் மட்டும் தெரிந்தது. வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. தட்டைக் கீழே வைத்தாள். எழுந்து நேராக என்னிடம் வந்தாள். எதிரே மாப்பிள்ளையின் அம்மா நிர்மலாதேவி கையில் தட்டோடு பாதி எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அம்மா மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. அந்த வாட்சைப் பார்த்தாள்.

“தெரிஞ்சுதான் கட்டுனியா?”

“தெரிஞ்சுதாம்மா.”

அம்மா திரும்பிப் போய், மாற்றுவதற்காகத் தட்டைத் தூக்கினாள். தட்டு ஒரு பக்கம் சாய்ந்து எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு கீழே விழுந்தது. நான் ஓடிப்போய்த் தட்டின் மறு ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.