இணைப்பில் ஒருவர்

‘கங்காதரன்’ என்று திரையில் தெரிந்த பெயரை ஜெயப்பிரியா நான்காம் முறையாகத் தட்டினாள். திறக்க அனுமதியில்லை என்றது மேக் லேப்டாப்.

சுவருக்கு அந்தப் பக்கம், கூடத்தில், அவள் அப்பா கங்காதரன் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார். விடிகாலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். பெட்டியின் மோட்டாரும், இங்கே முன்னறையில் அவருடைய பழைய கம்ப்யூட்டரின் விசிறியும் ஒரே சுருதியில் இரைந்தன.

முன்னறைதான் அவர் கடை. பாரிவாக்கத்திலிருந்து கரையான்சாவடி வரை யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் படம் இங்கேதான் தயாராகும். இன்று அவருடைய போஸ்டர்.

அச்சகம் வைத்திருக்கும் உதயகுமார் வாசலில் நின்றார்.

“இன்னாம்மா பிரியா, கெட்ச்சுதா? மணி பதினொன்னு. மூணு மணிக்கு எடுக்கறாங்கோ. அதுக்குள்ள செவுத்துல ஒட்டணும்.”

“இன்னும் இல்லண்ணே. ஆதார் போட்டோ வேணா குடுக்கட்டா?”

“ஐய, வாணாம்மா. ‘ஆதார் போட்டோல உயிரோட கீறவனே செத்தவனாட்டம் இருப்பான், வேற எடுத்தா’ன்னு எல்லாரையும் தொரத்துன மனுசன். அதப் போட்டேன்னு வையி, எயிந்து வந்து என்ன ஒதைப்பாரு.”

கூடத்திலிருந்து அம்மா ராணியின் குரல் வந்தது. “நீலச் சட்ட போட்டோடீ. அதான் வெக்கணும்னு சொல்லிகினே இருப்பாரு.”

நீலச் சட்டை பழைய விண்டோஸ் திரையில் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. வெளியே எடுக்கத்தான் வழியில்லை. பென்டிரைவ் செருகும் இடமெல்லாம் போன மழையில் துருப்பிடித்துவிட்டது. அதன் பழைய பிரவுசரில் மெயில் திறக்காது. சிடி தட்டு போன மாதம் சிக்கிக்கொண்டது. திரையைப் போனில் படமெடுத்தால் முகமெங்கும் கோடு விழுந்தது. மிச்சமிருந்த ஒரே வழி, வீட்டு நெட்வொர்க்கில் ‘கங்காதரன்’ என்று தெரியும் அந்தக் கம்ப்யூட்டருக்குள் மேக்கிலிருந்து நுழைவதுதான்.

சிடி போனதும் அப்பா அவளுக்குப் போன் செய்திருந்தார்.

“பாப்பா, நீ குடுத்த மேக்குல என் பேரு தெரியுது. தொட்டா தொறக்க மாட்டேங்குது.”

“ரெண்டும் வேற வேற ஜாதிப்பா. ஞாயித்துக்கெழம வந்து பாக்கறேன்.”

மூன்று ஞாயிறு போய்விட்டது.

பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது மேக். அப்பா பெயரை அடித்தாள். கடவுச்சொல்லுக்கு அம்மா பெயர், தன் பெயர், வண்டி எண் எல்லாம் போட்டுப் பார்த்தாள். பிறகுதான் உறைத்தது. கடவுச்சொல்லே கிடையாது. அந்த விண்டோஸ் கம்ப்யூட்டரை வாங்கிப் பொருத்திய நாளில், “மறந்துடுவப்பா, ஒண்ணும் வாணாம்” என்று வெறுமையாக விட்டவள் அவள்தான். கடவுச்சொல் இல்லாத கணக்கை விண்டோஸ் வெளியிலிருந்து வருகிறவர்களுக்குத் திறக்காது. அலுவலகத்தில் எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறாள்.

அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து அவர் கம்ப்யூட்டருக்கு ஒரு கடவுச்சொல் வைத்தாள். மேக்கில் அதையே அடித்தாள்.

திறந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பெயர் பெயராக, செத்தவர்களின் கோப்புறைகள். அத்தனைக்கும் கடைசியில் நீலச் சட்டை. அதை உதயகுமாருக்கு அனுப்பினாள்.

மூன்று மணிக்கு, சித்தப்பா மகன் சரண் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடக்க, அப்பா போனார். தெருமுனை வரை சுவரில் பசை காயாத நீலச் சட்டைகள். பெண்கள் அதற்குமேல் போவதில்லை. திரும்பி வந்து வீட்டைக் கழுவிவிடத் தொடங்கினார்கள்.

“பிரியா, அந்தக் கம்ப்யூட்டர அமத்துடீ. தண்ணி வருது, ஷாக்கு அடிச்சிடப் போவுது,” என்றாள் அம்மா.

பெட்டியின் மோட்டார் நின்றுபோனதில் விசிறி தனியாகக் கேட்டது. பக்கத்தில் மேக் திறந்தபடியே கிடந்தது. நாற்காலியில் உட்காராமல், குனிந்து, அணைக்கும் பொத்தானைச் சொடுக்கினாள். ஒரு சிறிய கட்டம் எழுந்தது.

இந்தக் கணினியுடன் இன்னும் ஒருவர் இணைந்திருக்கிறார். அணைத்தால் அவருடைய இணைப்பு துண்டிக்கப்படும். தொடரலாமா?

“அமத்திட்டியா?”

ஜெயப்பிரியா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். கூடத்துத் தண்ணீர் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தது. தரையில் கிடந்த கம்ப்யூட்டர் ஒயரை நனையாமல் எடுத்து அப்பாவின் நாற்காலியின்மேல் வைத்தாள்.