வயலுக்குள் விட்ட கடல்

கடல் தன்னைக் கண்டால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்கும் என்று சொல்லித் திரிந்தார் ஓய்வுபெற்ற மதகுக்காரர். அவர் ஒரு அதட்டல் போட்டதில் பனைமர உயர அலை ஒன்று பாதியிலேயே படுத்துவிட்டதாம். ஊரே சிரித்தது. மனைவிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்தக் கடலுக்கு அவர் தாரைவார்க்கச் சொன்னது அவளுடைய அப்பா கொடுத்த வயலை.

மண்கரையை எவ்வளவு உயர்த்தினாலும் கடல் அதற்குமேல் ஒரு சாண் எட்டிப் பார்த்தது. கரை மொத்தமாகப் போனால் அடுத்து வீடுதான். பக்கத்து வீட்டு நாத்தனார் சிமெண்டுச் சுவர் எழுப்பிவிட்டாள்.

"கரையை நாமளே வெட்டிவிடுவோம். தண்ணி வந்து போகட்டும். சேறு தங்கும், அலையாத்தி முளைக்கும். உங்க தாத்தா காலத்துல அப்படித்தானே வயலுக்கு முன்னாடி காடு விட்டிருந்தாங்க?" என்றார் மனைவியிடம்.

"காடு வளர்றதுக்குள்ள நாம கருவாடு ஆயிடுவோம்."

ஆனால் சமையலறைச் சுவரில் உப்புப் பூத்த அன்று, "வெட்டித் தொலைங்க" என்றாள்.

மதகுக்காரர் மதகு மாதிரியே வெட்டினார், நூல் பிடித்து, நேராக. வந்த தண்ணீருக்குத் திரும்பிப் போக வழி தெரியவில்லை. பயிர் அழுகி, காக்கைகூட ஊரைக் காலிசெய்யுமளவுக்கு நாறியது. அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தவள் ஒரு காலையில் மண்வெட்டியோடு இறங்கினாள்.

"நண்டு வளை எங்க இருக்கோ அங்கதான் தண்ணி போகும். கோணலாத்தான் போகும். எங்கப்பா அங்கதான் வெட்டுவாரு."

"அப்போ உனக்குச் சம்மதமா?"

"நாறுறதுக்குச் சம்மதமில்ல."

தண்ணீர் வளைந்து வெளியேறியது. மிதந்து வந்த விதைகள் சேற்றில் ஊன்றின. மரங்கள் அவள் தலையைத் தாண்டின. அதன்பின் அங்கே ஒரு பிடி நெல் விளையவில்லை. வேறு பக்கம் பார்த்தபடியே கொல்லைக்குப் போய்வரப் பழகிக்கொண்டாள்.

பெரும்புயல் ஓய்ந்த காலையில் நாத்தனார் குடும்பம் நனைந்த துணியோடு அவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தது. சிமெண்டுச் சுவர் இருந்த இடமே தெரியவில்லை. நாத்தனாரின் வாசற்கதவு மட்டும் அலையாத்தி வேர்களுக்கு நடுவே, யாரோ வந்து தட்டுவார்கள் என்பதுபோல் நிமிர்ந்து நின்றது.

"உங்க வீட்டுக்கு மட்டும் எப்படி அண்ணி அலை வரலை?"

மதகுக்காரர் வாயைத் திறந்தார். தங்கையின் முகத்தைப் பார்த்தார். ஆயுளில் முதல்முறையாக மூடிக்கொண்டார்.

அவள் கொல்லைக் கதவைத் திறந்து, வயல் இருந்த திசையை நேராகப் பார்த்தாள்.

"வந்துச்சும்மா. பனைமர உயரம் நின்னுக்கிட்டுத்தான் வந்துச்சு. மரத்துக்குள்ள நுழைஞ்சதும் படுத்துருச்சு. நான் பார்த்தேன்."