உப்புத்திட்டுக்குப் போன சமையல்காரர்

அம்மா ஓடைக் கல்லில் வழுக்கி விழுந்தது வியாழக்கிழமை. வன அதிகாரி வரவேண்டியது சனிக்கிழமை. நடுவில் இருந்த ஒரே நாளில் அம்மாவின் கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது.

காட்டைச் சுற்றிக் காட்ட வெளியூர்க்காரர்களை எங்கள் குடியிருப்புக்கு அழைத்து வருவது ஒரு கம்பெனி. ஒன்பது வருடமாக அப்படித்தான். வருகிறவர்கள் எங்கள் வீட்டை ஒட்டிய நீளக் கொட்டகையில் கொசுவலைக்குள் தூங்குவார்கள். விடிந்ததும் வாசலில் வரிசையாகக் கவிழ்த்து வைத்த பூட்ஸுகளைத் தட்டி, உள்ளே பூச்சி இல்லை என்று பார்த்து மாட்டிக்கொண்டு உப்புத்திட்டுக்கு நடப்பார்கள். உப்புத்திட்டு என்பது காட்டுக்கு நடுவே மிருகங்கள் வந்து உப்பு மண்ணை நக்குகிற இடம். கத்தியால் கொடிகளை வெட்டி, வழி கண்டு முன்னால் போவது எப்போதும் அம்மா. கம்பெனி வழிகாட்டி அம்மாவுக்குப் பின்னால் நடப்பார். ஆனால் காகிதத்தில் வழிகாட்டி அவர்தான். அம்மாவின் பெயர் 'சுமை, இதர உதவி' என்ற கட்டத்தில் இருக்கும்.

இந்த வருடம் வன அலுவலகம் ஒரு விஷயத்துக்கு ஒப்புக்கொண்டது. காட்டில் பிறந்து வளர்ந்த நாங்களே ஒரு பயணத்தை நடத்திக் காட்டினால், இனிமேல் அழைத்துப் போகிற உரிமை எங்களுக்கு. அதிகாரி கூடவே நடப்பார். கம்பெனி வழிகாட்டி கடைசி ஆளாக வருவார். அவர் ஒரே ஒரு தடவை வழி சொல்ல நேர்ந்தாலும் எல்லாம் போயிற்று. மறுபடி விண்ணப்பிக்க மூன்று வருடம் காத்திருக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் இரண்டு பெயருக்குத்தான் இடம். வழிகாட்டி என்ற கட்டத்தில் அம்மா. உதவியாளர் என்ற கட்டத்தில் அப்பா. கட்டம் காலியாக இருக்கக் கூடாதே என்று எழுதியதுதான். அப்பா சமையல்காரர். டவுனிலிருந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து பதினேழு வருடம் ஆகியும் ஓடைக்கு அந்தப் பக்கம் கால் வைத்ததில்லை. அட்டைப்பூச்சி என்றால் அவருக்கு உயிரே போய்விடும்.

வெள்ளிக்கிழமை மாலை அம்மா கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படகு ஓட்டும் மாமா, அம்மாவின் தம்பி, கட்டில் ஓரத்தில் இருந்தார்.

"ஆத்துல எங்க வேணாலும் கூட்டிட்டுப் போறேன்கா. காடு மட்டும் என்கிட்ட கேக்காத" என்றார் மாமா.

"உன்னை யாருடா கேட்டா? ஃபார்ம்ல உன் பேரே இல்ல."

"மச்சான் பேர் இருக்கே."

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். அப்பா சமையலறை வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்றார் அப்பா. "இது வெங்காயத்தால வர்ற கண்ணீர். இப்போதைக்கு."

சனிக்கிழமை விடியற்காலை அதிகாரியம்மா வந்தார். கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். அம்மாவின் காலைப் பார்த்தார். பிறகு விதிமுறைத் தாளை எடுத்து நின்றபடியே இரண்டு தடவை படித்தார்.

"உதவியாளர் முன்னால நடக்கலாம். வழிகாட்டி சொல்லச் சொல்ல நடக்கணும். வாக்கிடாக்கி கூடாதுன்னு இதுல எங்கயும் போடல" என்றார்.

கம்பெனி வழிகாட்டி சிரித்தார். கையில் எப்போதும் திசை காட்டும் கருவி இருப்பதால் நாங்கள் அவரைக் கருவிக்காரர் என்போம்.

"சார் வெச்ச சாப்பாட்டை நம்பி எங்க வேணா வருவேன். சார் வெச்ச வழியை நம்பித்தான் இப்ப வரணும் போல" என்றார்.

அப்பா முழங்கால் வரை இரண்டு ஜோடி காலுறை மாட்டி, அதன் மேல் உப்பைத் தடவிக்கொண்டிருந்தார். அட்டைக்காக. தலையில் சமையல் துண்டைக் கட்டிக்கொண்டு, கொட்டகையில் தங்கியிருந்த வெளியூர்க்காரர்கள் ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு ஓடையைக் கடந்தார்.

ஒரு வாக்கிடாக்கி அப்பாவிடம்; வீட்டில் இருந்த இன்னொன்றை நான் பிடித்துக்கொண்டேன். அம்மா பேசும்போது பொத்தானை அழுத்துவதும் முடித்ததும் விடுவதும் என் வேலை. கால் மணி நேரத்தில் அப்பாவின் குரல் வந்தது.

"ஒரு மரம் இருக்கு."

"காட்டுல மரம் இல்லாம பஸ் ஸ்டாண்டா இருக்கும்? எப்படிப்பட்ட மரம்?"

"பெருசு."

"மேல என்ன தெரியுது?"

"பச்சையா இருக்கு."

மாமா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். முதல் வளைவிலேயே எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. அம்மா மறுபடி பொத்தானைக் காட்டினாள்.

"பாத்தது போதும். என்ன வாசம் வருதுன்னு சொல்லுங்க."

அப்பா யோசிக்கவே இல்லை. "கால் கிட்ட ஈரக் காளான். இடது பக்கம் அழுகின பழம், ரெண்டு நாள் ஆயிருக்கும். வலது பக்கம் உன்னோட எலுமிச்சைப் புல்லு, ஆனா தூரத்துல."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வலது பக்கம் போங்க. புல்லு வாசம் மூக்கைப் பிடிக்கிற வரைக்கும் திரும்பாதீங்க."

அதற்குப் பிறகு அம்மா மரத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை.

அப்பாவுக்குக் காடு தெரியாது. காட்டிலிருந்து வருவதெல்லாம் தெரியும். உப்புத்திட்டிலிருந்து திரும்பும்போதெல்லாம் அம்மா சமையலுக்கு ஆவதைப் பறித்துத் தோள்பையில் போட்டுக்கொண்டே வருவாள். சமையலறை வாசலில் நின்று பையை நீட்டுவாள். உள்ளே போகமாட்டாள். "வழியை நீ பாத்துக்கோ, அடுப்பை நான் பாத்துக்கறேன்" என்பது அப்பா போட்ட சட்டம். பையை வேறு யாரும் பிரிக்கக் கூடாது. ஒருநாள் உதவி செய்வதாக நினைத்து நான் அதைத் தரையில் கவிழ்த்துவிட்டேன். அன்று முழுக்க அப்பா என்னோடு பேசவில்லை. அவ்வளவு கோபம் எதற்கு என்று அப்போது புரியவில்லை.

பகல் பதினொன்றரைக்கு உப்புத்திட்டை அடைந்துவிட்டார்கள். அப்பா ரகசியக் குரலில் சொன்னார்: "மூணு மிருகம் நிக்குது. அதுல ஒண்ணு என்னையே பாக்குது."

"என்ன மிருகம்?"

"நீ வேணா வந்து கேளு."

அம்மா சிரித்தாள். விழுந்த நாளிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. எங்கள் கூரையில் அடித்த சத்தத்தில் அப்பாவின் குரல் பாதிதான் கேட்டது. மிளகுக் கொடியைத் தாண்டிவிட்டதாகச் சொன்னார். மஞ்சள் பட்டை மரம் வந்துவிட்டது என்றார். அப்புறம், "இங்க ஒரு மரம் விழுந்து கிடக்கு. காலையில இது இல்ல. வந்த வழி அடியில போயிடுச்சு. எந்தப் பக்கம் சுத்தணும்?" என்று கேட்டார்.

"மேல்..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

என் கையில் இருந்த வாக்கிடாக்கியின் சிவப்பு விளக்கு அணைந்தது. பொத்தானை அழுத்தினேன். தட்டினேன். மூன்று நாளாக மூடிக் கிடந்த வானத்தில் எங்கள் சூரிய மின் பலகையால் அவ்வளவுதான் சார்ஜ் ஏற்ற முடிந்திருந்தது.

"கீழ்ப்பக்கம் சதுப்பு. இடுப்பு வரைக்கும் இழுக்கும்" என்றாள் அம்மா. யாரிடமும் சொல்லவில்லை, சும்மா சொன்னாள்.

மாமா சட்டையைக் கழற்றினார். "நான் ஓடிப் போய் பாதி வழியில பிடிச்சுக்கறேன்கா. அவ்வளவு தூரம் எனக்கும் தெரியும்."

"போகாத."

"ஏன்கா?"

"இங்கிருந்து ஒரு ஆள் போய்க் கூட்டிட்டு வந்தா அதுவும் தோல்விதான். உயிருக்கு ஒண்ணும் ஆகாது, கருவிக்காரர் இருக்கார். அவர் கருவியை எடுத்தா எல்லாரையும் பத்திரமா கொண்டு வந்துடுவார்." ஓடைப் பக்கம் கையைக் காட்டினாள். "ஓடைத் துறையைப் பாத்துக்கிட்டு இரு. முதல்ல யார் வர்றாங்கன்னு பாரு. அதுலயே தெரிஞ்சுடும்."

அம்மாவால் கட்டிலில் இருக்க முடியவில்லை. நனைந்து வருகிறவர்களுக்கு வெந்நீராவது போடலாம் என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டிச் சமையலறைக்கு வந்தாள். அவள் அங்கே நுழைந்து நான் பார்த்ததில்லை. தீப்பெட்டியைத் தேடி அலமாரியைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அலமாரியில் ஏழு டப்பாக்கள். பழைய பிஸ்கட் டப்பா, பால் பவுடர் டப்பா, எல்லாம் ஒரே வரிசையில். அம்மா இடது ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தாள். முதல் டப்பாவில் பாத்திரம் தேய்க்கிற சொரசொரப்பு இலை. அடுத்து எலுமிச்சைப் புல். அதற்கடுத்துப் புளிப்பு இலை, வெள்ளைப் பூ, காட்டு இஞ்சி, மஞ்சள் பட்டை. கடைசியில் மிளகு.

"இதை இப்படி அடுக்கினது யாரு?" என்று கேட்டாள்.

"அப்பாதான். மாத்தி வெச்சா கத்துவாரு."

அம்மா மிளகு டப்பாவில் விரலை வைத்து, ஒவ்வொரு டப்பாவாகத் தொட்டுக்கொண்டே இடது பக்கம் வந்தாள். "நான் முதல்ல பறிக்கிறது பைக்கு அடியில கிடக்கும். கடைசியா பறிக்கிறது மேல இருக்கும். அவர் மேலேர்ந்து எடுத்து இங்கேர்ந்து அடுக்கறார்." குரல் மாறிவிட்டிருந்தது. "இது என் வழிடி. உப்புத்திட்டுலேர்ந்து நம்ம வாசப்படி வரைக்கும்."

அதற்குப் பிறகு அவள் கவலைப்பட்டு நான் பார்க்கவில்லை. முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து அடுப்பைப் பற்றவைத்தாள். பெரிய பானை நிறையத் தண்ணீர் வைத்தாள்.

வெளிச்சம் குறையத் தொடங்கிய நேரத்தில் மாமாவின் குரல் கேட்டது. "அக்கா, ஓடைக்கு அந்தப் பக்கம் ஆளுங்க."

நான் வாசலுக்கு ஓடினேன். மழைக்குள் உருவங்கள் மட்டும் தெரிந்தன. முதல் ஆள் கரையிலிருந்து தண்ணீரில் இறங்கினார். தலையில் சமையல் துண்டு இல்லை. அந்த ஆள் இன்னும் நாலு அடி வைத்தபோதுதான் பார்த்தேன்: துண்டு மூட்டையாகக் கையில் இருந்தது. முழங்கால் வரை இரண்டு ஜோடி காலுறை.

"மச்சான்தான்" என்றார் மாமா. "மச்சானேதான் முன்னால வர்றாரு."

கருவிக்காரர் கடைசியாக வந்தார். கருவி பைக்குள் இருந்தது. எல்லோரும் சமையலறைச் சூட்டில் நெருக்கி உட்கார்ந்தார்கள். கதையை ஆரம்பித்தவர் அவரே.

"ரெண்டு தடவை கருவியை வெளியே எடுத்துட்டேன்மா. ரெண்டு தடவையும் உங்க வீட்டுக்காரர், 'கொஞ்சம் பொறுங்க சார், இன்னும் இஞ்சி வரல'ன்னார். ஏதோ கல்யாணச் சமையல் நடக்கிற மாதிரி. ஒவ்வொரு செடியா கசக்கிக் கசக்கி மோந்துக்கிட்டே வர்றார். கடைசியில இஞ்சி வந்துதுங்க."

"மரத்தை எந்தப் பக்கம் சுத்தினீங்க?" என்று அம்மா அப்பாவைக் கேட்டாள்.

"கீழ்ப்பக்கம் கழுவாத பானை வாசம் அடிச்சுது. அப்படி வாசம் வந்தா கீழ சேறுதான். மேல ஏறிட்டோம்."

"பையில எது முதல், எது கடைசின்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே நீங்க."

"பதினேழு வருஷமா நீ கொண்டு வர்ற பையைப் பிரிக்கறேன். எங்க போனே, எப்படி வந்தேன்னு இது கூடத் தெரியாம இருப்பேனா?"

அதிகாரியம்மா படிவத்தை மடியில் வைத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். 'நிறுவன வழிகாட்டியின் உதவி' என்ற கட்டத்தைக் கருவிக்காரரிடம் நீட்டினார். அவர் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனா நனைந்திருந்ததால் அழுத்தி எழுதவேண்டியிருந்தது. அடித்தாளிலும் நன்றாகப் பதிந்திருந்தது.

"வழிகாட்டின்னு இப்ப யார் பேரை எழுதறது?" என்று அதிகாரியம்மா அப்பாவைக் கேட்டார். "நடந்தது நீங்க."

"மாத்தாதீங்கம்மா. அவங்க வழியிலதான் நடந்தேன்" என்றார் அப்பா. "நான் உதவியாளர். சரியாத்தான் எழுதியிருக்கு."

அதிகாரியம்மா கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். அம்மாவின் பெயர் முதல் கட்டத்தில் இருந்தது. நான் அதை எழுத்தெழுத்தாகப் படித்தேன்.

எல்லோரும் உலர்ந்த துணி மாற்றப் போனதும் அப்பா துண்டு மூட்டையை அவிழ்த்து அம்மாவின் மடியில் வைத்தார். கசங்கிய இலைகளும் பட்டைகளும். அம்மா அடியிலிருந்து எடுத்தாள். மிளகு. மஞ்சள் பட்டை. மூன்றாவதாக வந்தது நீளமான கருநிற இலை. அதைக் கசக்கி முகர்ந்தாள். இன்னொரு தடவை முகர்ந்தாள்.

"இது எது? நான் இதைப் பறிச்சதே இல்லையே."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அப்பா. "அது மரத்துக்கு மேல்பக்கம் நான் சுத்தி வந்த இடம். நல்ல வாசம். மீனுக்கு ஒத்துப்போகும்னு நினைக்கிறேன்."

எழுந்து அலமாரிக்குப் போனார். ஐந்தாவது டப்பாவுக்கும் ஆறாவது டப்பாவுக்கும் நடுவே இரண்டு கையாலும் இடம் ஒதுக்கினார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"காலி டப்பா ஒண்ணு கொண்டா" என்றார்.